நுங்கண்ணாச்சிக்கு இரவல் குரல்

காலையில் போனைக் காணோம் என்று ரூபியா வீடு முழுக்கத் துழாவினாள். மெத்தைக்கு அடியில் இல்லை, சார்ஜரில் இல்லை, பீரோ மேலும் இல்லை. கடைசியில் அரிசி வாளிக்குள் கிடைத்தது. முகம் குப்புற அரிசிக்குள் புதைத்து, மேலே இரண்டு கை அரிசியை அள்ளிப் போட்டு, மூடியையும் இறுக்கி வைத்திருந்தது. தட்டித் துடைத்துப் பார்த்தால் அஜ்மானிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்து கிடந்தது. மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி. இன்னும் யாரும் கேட்கவில்லை.

புதைத்தது யார் என்று விசாரணை வைக்கத் தேவையில்லை. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருத்தி ரூபியா. இன்னொருத்தி அவள் மகள் ஷிபா, ஆறு வயது. ஸ்கூல் வேன் வர இருபது நிமிடம் இருக்கும்போது ஒற்றைக் கால் சாக்ஸோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

போன வாரம் வரைக்கும் அந்த வீட்டின் காலை வேறு மாதிரி இருந்தது. ஷிபாவின் வாப்பா நியாஸ் அகமது கல்ஃபில், அஜ்மானில் ஒரு சூப்பர் மார்க்கெட் கிடங்கில் வேலை பார்க்கிறான். அந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் நேராகக் கூப்பிட்டுப் பேச முடியாது. பேசிப் பதிந்து அனுப்பலாம். வேறொரு செயலியில் வெள்ளிக்கிழமை தோறும் முகம் காட்டுவான். அதுவும் பாதியில் உறைந்து, வாயைத் திறந்தபடி நிற்பான். அதனால் தினமும் டூட்டி முடிந்ததும் மகளுக்கு ஒரு வாய்ஸ் போடுவான். காலையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, ஷிபா அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். அது இல்லாவிட்டால் இட்லி இறங்காது. அவன் கடைசியாக வந்துபோனபோது அவளுக்கு மூன்றரை வயது. ஆக, வாப்பா என்றால் அவளுக்குக் குரல்தான்.

அந்தக் குரலைத்தான் இப்போது அரிசிக்குள் புதைத்திருக்கிறாள். இன்னும் பதினோரு நாளில் குரலுக்குச் சொந்தக்காரன் ஊருக்கு வருகிறான். டிக்கெட் போட்டாயிற்று.

ரூபியா குளியலறைக் கதவில் காதை வைத்து, வாப்பா பேசியிருக்காங்க, கேக்க வேண்டாமா என்று கேட்டாள். உள்ளே வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் பதில் வந்தது.

"வாப்பாவ வர வேண்டாம்னு சொல்லுங்க உம்மா."

ஏன் என்று ரூபியாவுக்கு அப்போது தெரியாது. ஆனால் அது தன் கை வேலையாகத்தான் இருக்கும் என்று மனதின் ஒரு மூலை சொல்லிவிட்டது.

அவள் கை வேலை என்ன என்று சொல்ல வேண்டும். சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை. அங்கே ரூபியாவும், அவளோடு என்ஜினியரிங் படித்த பாண்டிராஜும் வீடியோ கேம் செய்கிறார்கள். கணக்குப் போட்டு நிரல் எழுதுகிற வேலை பாண்டிராஜுக்கு. கதையும் சத்தமும் ரூபியாவுக்கு. இரண்டு வருடமாக ஊரார் அவர்களை டிடிபி சென்டர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க நாலு பேர் மாடியேறி வந்து ஏமாந்து இறங்கியிருக்கிறார்கள்.

உலகத்தில் இப்போது ஒரு மோகம். பழைய குழந்தைக் கதைகளில் எழுதியவர் காலமாகிப் பல வருடம் ஓடி, உரிமை காலாவதியாகிவிட்டால், அந்தப் பாத்திரத்தைத் தூக்கிவந்து பேயாக்கிவிடுகிறார்கள். குழந்தையைத் தூங்க வைத்தவன் குரல்வளையைக் கடிக்கிறான். எவ்வளவு செல்லமான பாத்திரமோ அவ்வளவு பயம். நாமும் ஒன்று செய்தால் என்ன என்று பாண்டிராஜ் கேட்டபோது, ரூபியா சட்டென்று சொன்ன பெயர் நுங்கண்ணாச்சி.

கரிவலம்வந்தநல்லூரில் வாத்தியாராக இருந்த சிவனணைந்தபெருமாள் எழுதிய எட்டு குட்டிப் புத்தகங்களின் நாயகன் அவன். தலை ஒரு முழு நுங்கு. அதில் மூன்று கண். மூன்றாவது கண்ணை மட்டும் தலையில் கட்டிய துண்டு மறைத்திருக்கும். நுங்கு வண்டி ஓட்டிக்கொண்டு போவான். திருவிழாவில், சந்தையில், காட்டு வழியில் பிள்ளைகள் யாராவது தொலைந்து அழுதுகொண்டிருந்தால் வண்டியை நிறுத்தி, "வீட்டுல யாரு இருக்கா?" என்பான். பிள்ளை அழுகையை நிறுத்தி, அம்மா இருக்கா, தம்பி இருக்கான், வெள்ளாடு இருக்கு என்று அடுக்கும். "அப்போ யாரு இல்ல?" என்பான். "நான்தான் இல்ல" என்று பிள்ளை சொல்லும். அப்போது துண்டை விலக்குவான். மூன்றாவது கண் திறக்கும். அதற்கு மட்டும்தான் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போகும் வழி தெரியும். எட்டுப் புத்தகத்திலும் இதே கதைதான். எந்தப் பிள்ளைக்கும் அலுத்ததில்லை.

வாத்தியார் காலமாகி அறுபது வருடம் தாண்டிவிட்டது. சட்டப்படி நுங்கண்ணாச்சி இனி ஊர்ச் சொத்து. ரூபியா அவனை இருட்டு வீட்டுக்குள் அனுப்பினாள். விளையாடுகிறவர் ஒரு குழந்தை. வீட்டில் தனியாக இருக்கும். வெளியே வண்டி உருளும் சத்தம் வந்து நிற்கும். கதவுக்கு அந்தப் பக்கம், "வீட்டுல யாரு இருக்கா?" பதில் சொல்லக் கூடாது. விசையை அழுத்திப் பிடித்து மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். மூச்சு விட்டால் துண்டு அவிழும். அந்தக் கண் இப்போது வழி காட்டுவதற்காகத் திறப்பதில்லை. இந்த விதியை யோசித்துப் பிடித்தவள் ரூபியாதான். பிடித்த அன்று பெருமையில் இரண்டு தட்டு பிரியாணி வாங்கிவந்து பாண்டிராஜுக்கும் கொடுத்தாள்.

குரலுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. பாண்டிராஜ் பேசினால் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி இருந்தது. முன்னோட்டப் பதிப்பை இணையத்தில் ஏற்ற வேண்டிய நாள் நெருங்கியது. நியாஸ் மகளுக்கு நுங்கண்ணாச்சி கதை சொல்லி அனுப்பிய பழைய வாய்ஸ் ஒன்று ரூபியாவின் போனில் இருந்தது. அதிலிருந்து அந்த ஒரு கேள்வியை வெட்டினாள். வேகத்தைப் பாதியாக்கினாள், சுருதியை இறக்கினாள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஓயாமல் அடிக்கும் விசைத்தறியின் சத்தத்தைப் பதிந்து அடியில் கலந்தாள். ஆள் கிடைக்கும்வரை இது இருக்கட்டும், அப்புறம் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். கேட்டுப் பார்த்தபோது பாண்டிராஜ் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டான். அப்புறம் மாற்றுகிற பேச்சே வரவில்லை. நியாஸிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டால் சரி என்றுதான் சொல்லியிருப்பான். அதுதான் ரூபியாவை இப்போது அதிகமாகக் குத்துகிறது.

முன்னோட்டம் வெளியாகி இரண்டாவது வாரம், யூடியூபில் விளையாடிக் காட்டும் ஒருவன் அதை எடுத்து விளையாடி அலறினான். அந்த அலறலை லட்சக்கணக்கில் பார்த்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு நிறுவனம் முழு விளையாட்டையும் வெளியிடத் தயார் என்று எழுதியது. கேள்விக்கு முன்னால் வரும் அந்த "டக்" சத்தம்தான் உயிர் என்று பார்த்தவர்கள் எல்லாரும் எழுதினார்கள். ரூபியாவுக்கு அந்த "டக்" எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. வெட்டும்போது ஒட்டிக்கொண்ட ஏதோ சத்தம் என்று விட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஷிபா வேனிலிருந்து இறங்கியதும், ரூபியா தலை பின்னுகிற சாக்கில் அவளை மடியில் இருத்திப் பிடித்து விஷயத்தைக் கறந்தாள். வேனில் நாலாம் வகுப்பு அப்ரீன் பானு டிரைவரின் போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாளாம். எல்லாரும் அலறினார்களாம். ஷிபா அலறவில்லை. இது எங்க வாப்பா என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். வேன் சிரித்திருக்கிறது. மறுநாளிலிருந்து உங்க வாப்பா இன்னைக்கு எத்தனை பேரைத் தின்னாங்க என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இதையெல்லாம் அழாமல் சொன்னாள். கடைசியில் பின்னலை உம்மாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

"வாப்பாவுக்கு எப்ப உம்மா மூணாவது கண்ணு வந்துச்சு?"

பாதி வேகத்தில், பாதாளத்துக்கு இறக்கி, தறிச் சத்தத்தில் முக்கியெடுத்த குரல் அது. பெற்ற தாய் கேட்டாலும் தெரியாது என்று ரூபியா நினைத்திருந்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டாள். ஷிபா நாக்கை மேல்வாயில் ஒட்டி எடுத்து, டக் என்று ஒரு சத்தம் செய்து காட்டினாள். வாப்பா எதைக் கேட்டாலும் முதலில் இதைச் செய்வார்கள், உங்களுக்குத் தெரியாதா என்றாள்.

தெரியாது. எட்டு வருடமாக அவனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரியாது. ஏனென்றால் அவன் தனக்கு அனுப்பும் வாய்ஸை ரூபியா இரட்டை வேகத்தில்தான் கேட்பாள். மாவு கரைத்துக்கொண்டே, படியேறிக்கொண்டே, பாண்டிராஜ் கூப்பிடுகிறான் என்று அவசரப்பட்டுக்கொண்டே. அந்த ஓட்டத்தில் "டக்" எல்லாம் காதில் விழாது. கல்ஃபுக்காரன் பெண்டாட்டிகள் பாதிப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை.

அடுத்து அவள் செய்ததுதான் பெரிய தப்பு. சத்தத்தோடு புழங்குகிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. எப்படிச் செய்தோம் என்று காட்டிவிட்டால் பயம் போய்விடும் என்று நம்பினாள். சனிக்கிழமை ஷிபாவை ஜெராக்ஸ் கடை மாடிக்குக் கூட்டிப்போனாள். மடியில் வைத்து, கணினியில் நுங்கண்ணாச்சியின் குரலைத் திறந்தாள். இங்க பாரு, இந்த ஸ்லைடர வலது பக்கம் இழுத்தா என்ன ஆகுதுன்னு பாரு என்று அவள் விரலைப் பிடித்து இழுத்தாள். தறிச் சத்தம் அடங்கியது. குரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, இளகி, நியாஸாக மாறியது. வீட்டுல யாரு இருக்கா என்று வெகு பிரியமாகக் கேட்டது.

ரூபியா வெற்றியோடு மகளின் முகத்தைப் பார்த்தாள். ஷிபா ஸ்லைடரைத் தானே இடது பக்கம் இழுத்தாள். வாப்பா இறங்கினார். இருண்டார். நுங்கண்ணாச்சியானார். மறுபடி வலது பக்கம் இழுத்தாள், மறுபடி இடது பக்கம். நாலைந்து தடவை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு கையை எடுத்தாள்.

"அப்போ இது வாப்பாக்குள்ளதான் இருக்கு."

பாண்டிராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே ஆடிக் காற்று ஜெராக்ஸ் கடையின் போர்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இனி இவளிடம் எதைச் சொன்னாலும் எடுபடாது என்று ரூபியாவுக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பை ஏற்றிவிட்டு மொட்டை மாடிக்குப் போனாள். துணியை எடுத்துவிட்டு எதற்கு எடுத்தோம் என்று மறுபடி காயப் போட்டாள். கடையநல்லூரிலிருந்து மாமியார் சுபைதா பேகம் போன் செய்து, மகன் வருவதற்கு என்ன பலகாரம் செய்யலாம் என்று கேட்டால், ஆமா மாமி என்று பொருத்தமில்லாமல் பதில் சொன்னாள். தன் போனில் நியாஸுக்கு ஏழு தடவை பேசிப் பதிந்து ஏழு தடவையும் அழித்தாள். நாள் எட்டாகி ஏழாகி ஆறானது. நியாஸ் வழக்கம்போல அனுப்பிக்கொண்டிருந்தான். அறையில் கூட இருக்கிற ஆட்கள் எல்லாரும் உன் கேமைத்தான் பார்க்கிறார்கள், அந்தக் குரலைக் கேட்டு எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது, யாரைப் பிடித்தாய் என்று ஒரு வாய்ஸில் கேட்டிருந்தான். தன் குரல் தனக்கே தெரியவில்லை அந்த மனிதனுக்கு.

பாண்டிராஜிடம் முதலில் பேசினாள். குரலை எடுத்துவிட வேண்டும், முன்னோட்டத்தை இறக்கிவிட வேண்டும் என்றாள். அவன் கோபக்காரன் அல்ல. ஆனால் அன்று மௌஸைத் தட்டி வைத்தான்.

"குரல எடுத்துட்டா அதுல என்ன இருக்கு ரூபியா? ஒரு நுங்கு இருக்கு, ஒரு கதவு இருக்கு."

அதுவும் நியாயம்தான். சிங்கப்பூர்க்காரர்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் எழுதியிருந்தார்கள். வீடியோவை ஏற்கெனவே நாற்பது பேர் வெட்டி ஒட்டிப் போட்டுவிட்டார்கள், நாம் இறக்கினாலும் அது ஊர் சுற்றும் என்றும் சொன்னான். ரூபியா அதையெல்லாம் மறுக்கவில்லை. ஊர் சுற்றட்டும், நான் செய்ததாக இனி இருக்கக் கூடாது என்றாள். குரல் போகும், அல்லது நான் போவேன் என்றாள். அன்று சாயங்காலமே மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, நுங்கண்ணாச்சியின் கேள்வியைத் தன் வாயாலேயே பேசிப் பதிந்தாள். பேயாகத்தான் வேண்டுமென்றால் நானே ஆகிறேன் என்று நினைத்தாள். பாண்டிராஜ் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, பழசுதான் பயம், இது அழுதமாதிரி இருக்கு என்றான். ஆனாலும் மாற்றிக் கொடுத்தான்.

நியாஸிடம் சொல்வதற்கு முன்னால் ரூபியா ஒரு காரியம் செய்தாள். அவன் அனுப்பிய பழைய வாய்ஸ்களை எடுத்து, அவன் பேசிய வேகத்திலேயே கேட்டாள். மாவு கரைக்காமல், படியேறாமல், சும்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். இரட்டை வேகத்தில் விறுவிறுவென்று பேசுகிற ஆள் அதில் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நின்று நின்று பேசினான். பின்னால் யாரோ இருமினார்கள், பாத்திரம் கழுவினார்கள். அவன் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு நுங்கு வண்டி உருளுகிற சத்தத்தை வாயால் செய்து காட்டினான். நிற்கிற வேலை, பத்து மணி நேரம். அந்த அலுப்பை அவள் கேட்டதே இல்லை. ரூபியா அழுதாள். வெட்கத்தில்தான் அழுதாள்.

பிறகு எட்டாவது தடவையாகப் பதிந்து, அழிக்காமல் அனுப்பினாள். எல்லாவற்றையும் சொன்னாள். வேனையும், ஸ்லைடரையும், ஷிபா சொன்ன வார்த்தையையும். காரை விட்டு இறங்கியதும் பேச வேண்டாம் மச்சான், கதவையும் தட்ட வேண்டாம், நானே வந்து கூட்டிட்டுப் போறேன் என்று முடித்தாள். இரண்டு நீல டிக் விழுந்தது. அப்புறம் எழுத்தில் ஒரு வார்த்தை வந்தது. "சரி."

அதிலிருந்து வாய்ஸ் வரவில்லை. எழுத்துதான் வந்தது. ஃப்ளைட் ஏறிட்டேன் என்று எழுத்து. திருவனந்தபுரத்தில் இறங்கிட்டேன் என்று எழுத்து. செங்கோட்டை தாண்டியாச்சு. கடையநல்லூரில் உம்மாவைப் பார்த்துவிட்டேன், கிளம்பிவிட்டேன்.

பன்னிரண்டரைக்குக் கார் தெருமுனையில் திரும்பியது. ரூபியா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினாள். நியாஸ் இறங்கினான். முடி கொஞ்சம் கொட்டியிருந்தது, வெள்ளைத் தொப்பிக்குக் கீழே முகம் கறுத்திருந்தது. அவளைப் பார்த்து வாயைத் திறந்தவன் நினைப்பு வந்து மூடிக்கொண்டான். கையை மட்டும் நெஞ்சில் வைத்தான். அப்போது பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. காற்று என்றுதான் ரூபியா நினைத்தாள். அடுத்து உள்ளே கொண்டி விழுந்தது. காற்றுக்குக் கொண்டி போடத் தெரியாது.

இரண்டு பெட்டி, ஒரு கம்பளிப் பொதி, ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. சொந்த வீட்டு வாசலில் நின்றார்கள். டிரைவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, குடும்ப விவகாரம் என்று புரிந்து நழுவினான். எதிர் வீட்டுப் பொன்செல்வி கோலப்பொடிக் கிண்ணத்தோடு வெளியே வந்தவள் உள்ளே போய்விட்டாள்.

ரூபியா கதவில் கை வைத்து, ஷிபா, உம்மாதான் பேசுதேன், கொண்டிய எடு மக்கா என்றாள். சத்தமே இல்லை. கெஞ்சினாள். பொம்மை வந்திருக்கிறது என்றாள், சாக்லேட் வந்திருக்கிறது என்றாள். கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் இரண்டு குட்டிப் பாதம் தெரிந்தது. அசையவில்லை. அப்போதுதான் ரூபியாவுக்கு உறைத்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். வெளியே வண்டி வந்து நின்றால் பதில் சொல்லக் கூடாது, மூச்சு விடக் கூடாது. விதிப்படி விளையாடுகிறாள். ரூபியா போட்ட விதி.

"மூச்சு விடு ஷிபா," என்றாள். கதவடிக்குக் குனிந்தாள். "நான் சும்மா செஞ்சது அது. தயவுசெஞ்சு மூச்சு விடுட்டி."

நியாஸ் அவளைத் தோளைப் பிடித்து விலக்கினான். பெட்டியை நகர்த்திப் படியில் உட்கார்ந்தான். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரிதான் இருந்தது. ரூபியாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். காற்று தெருப்புழுதியை அள்ளி இருவர் மேலும் போட்டது. பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் பாங்கு சொல்லி முடிந்தது. ஒரு கட்டத்தில் உள்ளே பெருமூச்சு ஒன்று கேட்டது. பிள்ளை மூச்சு விட்டுவிட்டாள். விட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும். கதவின் அந்தப் பக்கத்திலிருந்து சன்னமாக ஒரு கேள்வி வந்தது.

"உங்க வீட்டுல யாரு இருக்கா?"

நியாஸ் ரூபியாவைப் பார்த்தான். பேசலாமா என்று கண்ணால் கேட்டான். அவள் தலையசைத்தாள். அவன் திரும்பி, கதவில் நெற்றியை வைத்தான். பேசுவதற்கு முன்னால் நாக்கு தன் பாட்டுக்கு மேல்வாயில் ஒட்டி எடுத்தது. டக். ரூபியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஷிபா இருக்கா," என்றான். "ரூபியா இருக்கா. அரிசி வாளி இருக்கு."

உள்ளேயிருந்து அடுத்த கேள்வி வந்தது.

"அப்போ யாரு இல்ல?"

"நான்தான் இல்ல," என்றான் நியாஸ். கதையில் எத்தனையோ தடவை பிள்ளைகளின் குரலில் சொல்லி அனுப்பிய வார்த்தைதான். இந்த முறை அவன் குரலிலேயே வந்தது. சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

கதவு திறக்கவில்லை. பக்கத்து ஜன்னலின் ஒரு பலகைதான் திறந்தது. கம்பிக்குப் பின்னால் ஷிபாவின் பாதி முகம் தெரிந்தது. தொப்பியை எடுக்கச் சொன்னாள். எடுத்தான். குனியச் சொன்னாள். ஜன்னல் கம்பியில் நெற்றி படும்வரை குனிந்தான். கம்பிக்கு நடுவே ஒரு சுண்டுவிரல் வெளியே வந்தது. அது முதலில் பயந்து பயந்து தொட்டது. பிறகு புருவத்திலிருந்து முடி தொடங்கும் இடம்வரை மெதுவாகத் தேடிப் பார்த்தது. வியர்வைதான் இருந்தது. விரல் உள்ளே போய், பாவாடையில் துடைத்துக்கொண்டது.

"இன்னைக்குப் பேசாதீங்க," என்றாள் ஷிபா. "நாளைக்குப் பேசுங்க."

அவன் சரி என்று தலையாட்டியபிறகுதான் கொண்டி நகர்ந்தது.

இரண்டரை வருடத்துக்கும் மேலாக அந்த வீட்டில் வெறும் குரலாக இருந்தவன், அன்று மதியம் குரலைத் தவிர மற்ற எல்லாமாகவும் இருந்தான். பெட்டியைத் திறந்து காட்டினான், கத்தரிக்காய்க் குழம்பைச் சைகையால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், பாயில் தலையணை இல்லாமல் படுத்தான். ஷிபா எட்டத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆகும்போது அந்த எட்டம் ஒரு முழம் குறைந்திருந்தது.

ரூபியா அடுக்களையில் தேநீருக்குப் பால் வைத்தாள். அலமாரியில் இருந்த போன் ஒளிர்ந்தது. பக்கத்து அறையிலிருந்துதான் எழுதியிருந்தான். "நாளைக்குன்னா எத்தனை மணியிலிருந்துன்னு அவகிட்ட கேளு ரூபி."

சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டும் வந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு முன்னறைக்குப் போய் மகளிடம் கேட்டாள். ஷிபா வாப்பாவை ஒரு தடவை பார்த்தாள், கொஞ்சம் யோசித்தாள், பிறகு காலையில் இட்லி சாப்பிடும்போது என்றாள்.